ஐந்து மணிப் படகு வரும்

உலக இசை வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: ஹேவொல் மாவட்ட அலுவலகம் இசையில் கைவைப்பதற்கு முன், கைவைத்த பின். முதல் காலத்தில் பாட்டுக்காரர்கள் தங்களுக்குத் தோன்றியதைத் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப்போட்டு, தாங்களே பாடிக் கேட்பாரற்றுக் கிடந்தார்கள். இரண்டாம் காலம் எங்கள் கலாச்சாரச் சுற்றுலாப் பிரிவின் மாடிக் கூட்ட அறையில், இயந்திரக் காப்பி ஆறுவதற்குள் தொடங்கிவிட்டது. அந்த அறையில் நானும் இருந்தேன் என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். என் பெயர் பியோ. பிரிவின் அணித்தலைவன்.

மியோங் சோதாம் எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த காமாதோ தீவில் பிறந்தவர். சியோலில் எட்டு வருடம், ஒரு தோழியோடு ஜோடி சேர்ந்து, நிலவறைக் காப்பிக்கடைகளில் கிதார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். தோழி ஒரு பல் மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதன்பின் அந்தத் தோழி பாடுவதற்கு வாய் திறக்கவில்லை. சோதாம் ஊர் திரும்பினார். தீவில் அப்பாவோடு ஒரு குளிர்காலம் இருந்து ஒன்பது பாட்டு எழுதினார். அவற்றைத் தன் முதல் தனி ஆல்பமாகக் கொண்டுவர வேண்டும் என்று, எங்கள் 'ஊர் திரும்பும் இளம் கலைஞர் ஆதரவுத் திட்ட'த்துக்கு விண்ணப்பித்தார். கடும் போட்டிக்குப் பிறகு, விண்ணப்பித்திருந்த ஒரே ஒருவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம்.

தனி ஆல்பம் என்பதால் அவரைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்பது மாவட்டத் தலைவர் பாங்கின் முதல் உத்தரவு. உடனே ஒரு குழு அமைந்தது. தலைவர் பாங் குழுத் தலைவர். சியோலிலிருந்து திருமதி ஜே என்ற ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். கடலோர மாவட்டங்களுக்கு 'ஆறுதல்' தயாரித்துக் கொடுப்பது அவர் தொழில். பக்கத்து மாவட்டத்தில் ஒரு சேற்று நிலத்தை வெறும் பெயர்ப்பலகையால் 'மன அமைதி மண்டலம்' ஆக்கியவர். மூன்றாவது உறுப்பினர் நான். பாடகரும் கூட்டத்துக்கு வரலாம் என்று பெருந்தன்மையோடு அனுமதித்திருந்தோம்.

இங்கே காமாதோவைப் பற்றி ஒரு நிர்வாகக் குறிப்பு. இருபது வீடுகள் உள்ள அந்தத் தீவுக்குத் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அதை நாங்கள் 'சீரமைத்தோம்'. அதற்குப் பிறகு அது போவதில்லை. சீரமைத்த ஆண்டின் குளிர்காலத்தில், சோதாமின் அம்மாவுக்கான இதய மாத்திரை துறைமுக மருந்துக்கடையிலும், அம்மா தீவிலும், நடுவில் கொந்தளிக்கும் கடலுமாக இருந்தபோது அவர் காலமானார். நடுவில் இருந்தது கடல்தான், அலுவலகம் அல்ல என்று எங்கள் அறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

கூட்ட அறையில் சோதாம் கிதாரை மடியில் வைத்து ஒரு பாட்டுப் பாடினார். சின்னக் குரல். பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்வதுபோலப் பாடுவார்.

அலை வரும், அந்தி வரும்,
ஐந்து மணிப் படகு வராது.
அடுப்பில் கஞ்சி ஆறும்,
அம்மாவுக்கு மருந்து வராது.

பாடி முடித்தார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"நல்லா இருக்கும்மா. நெஞ்சத் தொடுது," என்றார். "ஆனா நிர்வாக ரீதியா பாத்தா, கொஞ்சம் சோகமா இருக்கு."

"சோகமான பாட்டுதாங்க," என்றார் சோதாம்.

திருமதி ஜே முன்னால் சாய்ந்தார். "சோதாம், கண்ணு, இப்ப நகரத்துல எல்லாரும் தேடுறது ஆறுதல். ஆபீசுல அடிபட்டு, மெட்ரோவுல மிதிபட்டு வந்து உன் பாட்டக் கேக்குறாங்க. அதுலயும் 'வராது, வராது'ன்னா, ஆறுதல் எப்படிம்மா வரும்?"

"வராதுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்."

தலைவர் மேசையில் விரலால் தாளம் போட்டார். "வராதுங்கறத வரும்னு மாத்திப் பாடேன். ஐந்து மணிப் படகு வரும். எவ்ளோ நம்பிக்கையா இருக்கு, கேளு."

"வராதே சார். நீங்கதானே நிறுத்தினீங்க."

"நிறுத்தல. சீரமைச்சோம்," என்று நான் பணிவோடு திருத்தினேன்.

"இன்னொண்ணு," என்றார் திருமதி ஜே. "மருந்துன்னு கேட்டாலே ஆஸ்பத்திரி வாசன அடிக்குது. அத விருந்துன்னு வெச்சுக்கலாம். அம்மாவுக்கு விருந்து வரும். ஒரே ஒரு எழுத்துதான் மாறுது."

கலைக்கும் ஆட்சிக்கும் உள்ள உறவை இவ்வளவு சிக்கனமாக வேறு எவரும் காட்டியதில்லை. ஒரே எழுத்தில் ஒரு நோயாளி விருந்தாளி ஆகிவிட்டார்.

சோதாம் எழுந்து வெளியே போனார். நடைபாதையில், காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில், காகிதக் கோப்பையைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றார். காப்பியைக் குடிக்கவில்லை. தோள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று குழுவுக்கு அறிவித்தேன். குழுவும் அதைக் குறித்துக்கொண்டது.

திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார்.

"சரி சார். வரும்னே பாடுறேன். விருந்துன்னே பாடுறேன்."

"பாத்தியா, புரிஞ்சுக்கிட்டா," என்றார் தலைவர்.

"ஆனா ஒண்ணு சார். ஆல்பம் பேரும் அதே இருக்கட்டும். 'ஐந்து மணிப் படகு வரும்'. அட்டையில எந்தத் துறைமுகத்துலேர்ந்துன்னு போடுங்க. காமாதோவுக்கு, மாலை ஐந்து மணி, தினமும்னு போடுங்க. கீழ மாவட்ட முத்திர. அப்பத்தான் நெஜமாத் தெரியும்."

திருமதி ஜே கைதட்டினார். "நம்பகத்தன்மை. இது எனக்குத் தோணாமப் போச்சே."

தலைவருக்கு முத்திரை என்றால் உயிர். அன்றே கையெழுத்தானது.

சோதாம் ஆல்பத்தைத் தீவில், அவர் வீட்டுக் கூடத்திலேயே பதிவு செய்ய விரும்பினார். மேற்பார்வைக்கு நான் போக வேண்டியிருந்தது. அலுவலக ரோந்துப் படகில் போய் இறங்கினேன். இறங்குதுறையின் சிமெண்ட் படிகள் பாதிக்குமேல் உடைந்து கடலுக்குள் கிடந்தன. படகோட்டி என்னைத் தூக்கி எறியாத குறையாகக் கரையேற்றினார். சோதாமின் அப்பா அங்கே வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஆபீசுக்குப் படகு இருக்கு போல."

"இது அரசுப் பணிக்கான படகுங்க ஐயா."

"அப்ப நாங்க யாரு, பக்கத்து நாட்டுக்காரங்களா?"

அவர் நகைச்சுவை உணர்வு மிக்கவர். வாய் அப்படிப் பேசினாலும் கை சும்மா இருக்கவில்லை. எனக்கு ஆக்டோபஸ் வெட்டி, எள்ளெண்ணெய் ஊற்றி, முன்னால் வைத்தார். வெட்டிய கால்கள் தட்டில் நெளிந்துகொண்டிருந்தன. "சாப்பிடுங்க. மென்னு முழுங்குங்க. இல்லேன்னா தொண்டையில ஒட்டிக்கும். ஒட்டினா இங்க டாக்டரு கெடையாது," என்றார். நான் மிகவும் மென்று விழுங்கினேன்.

ஒன்பது பாட்டும் இரண்டு நாளில் பதிவாயின. ஒலிப்பதிவில் ஜன்னல் தடதடத்தது, காற்று ஊளையிட்டது, ஒரு பாட்டின் நடுவில் அப்பா இருமினார். திருமதி ஜே சியோலில் உட்கார்ந்து அவற்றை எல்லாம் துடைத்துவிட்டு, தரமான காற்றுச் சத்தம் ஒன்றை விலைக்கு வாங்கிச் சேர்த்தார். தீவின் காற்று, அவர் சொன்னபடி, தீவின் காற்று மாதிரியே இல்லையாம்.

தலைவர் பின்னணிக் குரலும் கொடுத்தார். நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை; அவராகவே அந்தச் சுமையை ஏற்றார்.

"தனி ஆல்பத்துல இன்னொருத்தர் பாடலாமா சார்?" என்று சோதாம் கேட்டார்.

"நான் தனியாத்தான் பாடப்போறேன்," என்றார் தலைவர்.

'வரும்' என்று சோதாம் முடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் 'வரும், வரும்' என்று ஒரு கனத்த குரல் எழுவதை இன்றும் நீங்கள் கேட்கலாம். அட்டைப் படத்தில் சோதாம் கிதாரோடு பாறைமேல் உட்கார்ந்திருப்பார். பின்னால் நீல நிற அலுவலக மேலங்கியில் தலைவர் கடலைச் சுட்டிக்காட்டி நிற்பார். ஒரு கலைஞரின் தனிமையை இவ்வளவு நெருக்கமாக எவரும் காட்டியதில்லை.

ஆல்பம் இலையுதிர் காலத்தில் வெளிவந்தது. எங்கள் எதிர்பார்ப்பு, அலுவலகத்தில் ஆளுக்கு ஒன்று, பள்ளிகளுக்கு ஒன்று, மீதி கிடங்கில். நடந்தது வேறு. ஒரு நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியில் அந்தப் பாட்டு ஒருமுறை ஒலித்தது. மறுவாரம் சியோல் காப்பிக்கடைகளில் எல்லாம் அதுதான். ஒரு விமர்சகர், 'யாருடைய தலையீடும் இல்லாத தூய தனிக்குரல்' என்று எழுதினார். 'பின்னணியில் எழும் அந்த ஆண்குரல், கடவுளின் மௌனத்துக்கு நேர்மாறானது' என்று இன்னொருவர் எழுதினார். தலைவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அப்புறம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் ஒரு காதல் ஜோடி. பிறகு வேலையை விட்ட இளைஞர்கள், விட நினைக்கும் நடுவயதினர், அம்மாக்களைத் தோளில் அணைத்து அழைத்துவந்த மகள்கள். எல்லோரும் ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாலையில் எங்கள் துறைமுகத்தில் வரிசையாக நின்றார்கள். ஐந்து மணி ஆகும். கடலைப் பார்ப்பார்கள். ஐந்தரை ஆகும். என்னைப் பார்ப்பார்கள்.

"சார், படகு எங்க?" என்று தேஜான் நகரத்திலிருந்து வந்த ஒருவர் கேட்டார்.

"பாட்டுல 'வரும்'னுதாங்க இருக்கு. இன்னிக்குன்னு இல்லையே."

அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். "தினமும்னு போட்டிருக்கு. மாவட்ட முத்திர இருக்கு. அப்ப இது பொய் முத்திரையா?"

"முத்திர நெசந்தாங்க."

"அப்ப படகு?"

அவருக்குப் பின்னால் நின்ற பெண்மணி, "விருந்து வேற இருக்காம்ல, அது படகுலயா, தீவுலயா?" என்று விசாரித்தார்.

சற்றுத் தள்ளி, நூடுல்ஸ் கடை வாசலில், சோதாம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் அவரை அடையாளம் கண்டுகொண்டு சூழ்ந்தது. "நீங்களே சொல்லுங்க, படகு எப்ப வரும்?"

"நானும் மூணு வருஷமா இதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார் அவர். "சாரக் கேளுங்க. அவருக்குத்தான் தெரியும்." என்னைக் கைகாட்டிவிட்டு நூடுல்ஸை உறிஞ்சினார்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. திருமதி ஜே உடனே 'காத்திருப்பு அனுபவம்' என்ற திட்டத்தைத் தீட்டினார். துறைமுகத்தில் மரப் பெஞ்சுகள், வாடகைக் கம்பளி, 'வராமலிருப்பதும் ஒரு வருகையே' என்ற பதாகை. ஒரு வாரம் நன்றாகப் போனது. பிறகு மழை பெய்தது. மக்கள் மாகாண அரசுக்குப் புகார் எழுதினார்கள். ஒரு தொலைக்காட்சிக்காரர் பதாகையின் கீழே நின்று, 'இந்தத் தீவுக்கு மூன்று வருடமாகப் படகே இல்லை' என்று நாடு முழுக்கச் சொன்னார். தேர்தலுக்கு அரை வருடம்தான் இருந்தது.

தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பியோ, அந்தப் பொண்ணு நம்மள முட்டாளாக்கிட்டாளா?"

"இல்லைங்க தலைவரே. அதுக்கான அவசியமே அவங்களுக்கு வரல."

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் என்று நம்புகிறேன்.

"சரி. படகு விடுவோம்," என்றார்.

சோதாமுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் "அப்பா, விடுறாங்களாம்ப்பா," என்று அவர் கத்துவது கேட்டது. பாட்டில் அவர் அவ்வளவு குரல் எழுப்பியதே இல்லை.

படகு வந்தது. சாதாரணப் படகு அல்ல. இரண்டு அடுக்கு, சுற்றிலும் கண்ணாடி, மெத்தை இருக்கை, ஒலிபெருக்கி. பக்கவாட்டில் பெரிதாக 'வரும்' என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு சிறு நடைமுறைச் சிக்கல். காமாதோவின் இறங்குதுறைக்குப் பாதுகாப்புச் சான்று இல்லை. பழுதுபார்க்காததால் சான்று இல்லை. சான்று இல்லாத துறையைப் பழுதுபார்க்க விதியில் இடமில்லை. விதியை நாங்கள் மதிக்கிறோம். ஆகவே படகு துறைமுகத்திலிருந்து கிளம்பி, தீவை ஒரு சுற்றுச் சுற்றி, அழகாகத் திரும்பி வரும். பாட்டிலும் 'வரும்' என்றுதானே இருக்கிறது. 'நிற்கும்' என்று இல்லையே. இதைக் கண்டுபிடித்தவர் திருமதி ஜே.

தொடக்க விழா வெயிலடித்த நாளில் அமைந்தது. வெள்ளைக் கையுறை போட்டு ரிப்பன் வெட்டினோம். முஷ்டியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டோம். சோதாம் கௌரவ விருந்தினர். கிதார்ப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். படகு நிற்காது என்ற விவரம் அவருக்கு அங்கேதான், என் வாயால்தான், தெரிந்தது.

"நிக்காதுன்னா? அப்பறம் எதுக்கு சார் போறோம்?"

"பாக்கறதுக்கும்மா."

"எத?"

நான் பதில் சொல்வதற்குள் காவலர் ஒருவர் அவர் பெட்டியைத் தொட்டார். "இது சுற்றுலாப் படகு. சாமான் எதுவும் ஏத்தக்கூடாது."

"இது கிதாருங்க. நான் பாட்டுக்காரி," என்றார் சோதாம்.

விட்டுவிட்டார்கள். உண்மையில் அவர் பாடத் தேவையும் ஏற்படவில்லை. ஒலிபெருக்கியில் ஆல்பம் ஓடியது. வாங்கிய காற்று வீசியது. 'வரும், வரும்' என்று தலைவரின் குரல் கடல்மேல் பரவியது. அசல் தலைவர் மேல்தளத்தில் நின்று தன் குரலுக்குத் தானே தலையாட்டினார்.

தீவு நெருங்கியது. இறங்குதுறையில் இருபது வீட்டாரும் நின்றிருந்தார்கள். எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள். சிலர் துண்டை ஆட்டினார்கள். ஒரு பெண் துடைப்பக் கட்டையில் சிவப்புப் போர்வையைக் கட்டி ஆட்டினார்.

"பாருங்க, பாருங்க," என்றார் தலைவர் தழுதழுத்து. "என்னா சந்தோஷம் அவங்களுக்கு."

பயணிகள் எல்லோரும் ஒரு பக்கமாக ஓடிவந்து செல்பேசிகளைத் தூக்கினார்கள்.

சோதாம் தலைவரிடம் போனார். "சார், அவங்க வரவேற்கல. நிறுத்தச் சொல்றாங்க."

"நிறுத்த முடியாதேம்மா. சான்று இல்ல."

"ரோந்துப் படகு நிக்குதே சார். பியோ சார் எறங்கி ஆக்டோபஸ் சாப்பிட்டாரே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அலைகளின் உயரத்தைக் கவனித்தேன்.

சோதாம் ஒலிவாங்கியைக் கேட்டார். பாடப் போகிறார் என்று கொடுத்தார்கள். அவர் பாடவில்லை. தன் சின்னக் குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல, "கையாட்டுறாங்கல்ல, அது நிறுத்துங்கன்னு அர்த்தம். அங்க நோயாளி இருக்காங்க. எங்கம்மா மருந்து வராமத்தான் செத்தாங்க. பாட்டுல இருந்தது விருந்து இல்ல, மருந்து," என்றார்.

கைதட்டல் எழுந்தது. சிலர் அழுதார்கள். ஒரு பெண், "நேர்ல கேக்குறப்ப இன்னும் ஆறுதலா இருக்கு," என்று தன் தோழியிடம் சொன்னார்.

அப்போது கரையிலிருந்து ஒரு சிறு மோட்டார்ப் படகு எங்களை நோக்கி வந்தது. சோதாமின் அப்பா. எங்கள் படகு வேகம் குறைத்தது, இடித்துவிடக் கூடாதே. அவர் ஒட்டி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, அத்தன பேரும் கைய ஆட்டுறோமே, கண்ணு தெரியல?"

"நல்லாத் தெரியுதுங்க ஐயா. ரொம்ப நன்றி," என்றேன்.

சோதாம் கீழ்த்தளக் கம்பிக்கு வெளியே காலைப் போட்டார். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, பெட்டியை அப்பாவிடம் இறக்கினார். இறக்கும்போது கொக்கி விட்டுப்போய் மூடி திறந்தது. உள்ளே கிதார் இல்லை. மாத்திரை அட்டைகள், ஊசிகள், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒவ்வொரு வீட்டின் பெயரும் எழுதிய மருந்துக்கடைப் பொட்டலங்கள். அப்பா மூடியை அழுத்திச் சாத்தினார். மகள் அந்தப் படகில் குதித்தார். சிறு படகு ஆடி, நிமிர்ந்து, திரும்பியது. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சோதாம், எங்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"அருமை," என்றார் திருமதி ஜே. "இத தெனமும் வெக்கலாமா, பியோ?"

அந்த ஆல்பத்துக்கு அந்த ஆண்டின் மாகாண விருது கிடைத்தது. தலைவர் மேடையேறி வாங்கிக்கொண்டார். தேர்தலிலும் வென்றார். சோதாம் தீவிலேயே இருந்துவிட்டார்; அப்பாவின் படகில் மருந்து வாங்கிப் போகிறார் என்று கேள்வி. கடல் இடம் கொடுக்கும் நாட்களில் மட்டும்தான் அந்தப் படகு போக முடியும். இரண்டாவது ஆல்பத்துக்கு நாங்கள் மூன்று முறை அழைப்பு அனுப்பினோம். பதில் இல்லை. கலைஞர்கள் அப்படித்தான், தாங்கிப்பிடிப்பவர்களை மறந்துவிடுவார்கள்.

படகு தவறாமல் போய் வருகிறது. தீவு மக்களின் விருந்தோம்பலும் குறையவில்லை. போன மாதம் கடல் புரண்டுகொண்டிருந்த ஒரு மாலையில், ஒரு முதியவரைக் கதவுப் பலகையில் படுக்கவைத்துத் துறைக்கே தூக்கி வந்திருந்தார்கள். பலகையைப் பிடித்திருந்த நால்வரும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் எங்களைப் பார்த்து ஆட்டினார்கள். மறுநாள் அந்தத் துறையில் துக்கத்துக்கான வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஹேவொல் அலுவலகத்துக்கு இதயம் இல்லை என்று சியோல் பத்திரிகைகள் எழுதுகின்றன. அவர்கள் ஒருநாள் எங்களோடு பயணம் செய்து பார்க்கட்டும். கையசைக்காமல் நாங்கள் ஒரு நாளும் அந்த மக்களைக் கடந்து போனதில்லை.